சிவக்காத கம்பி

புருஷனின் இடுப்பில் கட்டியிருந்த அகலமான பச்சைப் பட்டியின் உறைக்குள்ளிருந்து லொறிச் சாவியை எடுக்க ஹாஜறா கைவைத்ததும், மீராசா அவளுடைய மணிக்கட்டை இறுக்கிப் பிடித்துக்கொண்டார். நெஞ்சுவலியில் வியர்த்து, முகம் சாம்பல் பூத்துக் கிடந்த மனிதருக்கு அவ்வளவு பலம் எங்கிருந்து வந்ததோ.

“விடுங்க. ஆசுபத்திரிக்குப் போக வாணாமா?”

“ஆரு ஓட்டுற?”

“ஜவுபர்தான். வேற ஆரு இரிக்கா?”

“அவனா...” என்று தொடங்கியவரை வலி வந்து மடக்கியது. அந்த நேரம் பார்த்துச் சாவியை உருவி, வாசலில் நின்ற மகனிடம் கொடுத்தாள் ஹாஜறா. மணிக்கட்டில் விரல் தடங்கள் சிவந்திருந்தன. அதை முந்தானைக்குள் மறைத்துக்கொண்டாள். முப்பது வருடத்துப் பழக்கம்.

விடியலில் சுபஹு தொழுதுவிட்டு வந்து தேத்தண்ணீர் குடிக்கையில் பிடித்த வலி அது. அட்டாளைச்சேனையிலிருந்து கல்முனை ஆசுபத்திரிக்குப் போக வேண்டும். இரவெல்லாம் பெய்த மாரி மழை இன்னும் விடவில்லை. முன்னால் உட்கார்ந்து வரக்கூடிய நிலையில் அவர் இல்லாததால், ஜவுபரும் பக்கத்து வீட்டுச் சீனிமுகம்மதுவும் பாயோடு தூக்கி, லொறியின் பின்தட்டில் கூரையாகக் கட்டிய படங்குக்குக் கீழே கிடத்தினார்கள். மகள் றாஹிலா ஏறி, வாப்பாவின் தலையை மடியில் வைத்துக்கொண்டாள். முன்னறைக் கண்ணாடிக்கு அப்பால் மூத்தவன் ஜவுபர் காக்காவின் பிடரி தெரிந்தது. ஹாஜறா குடையோடு ஓட்டுநர் பக்கக் கதவோரம் நின்றாள்.

தேய்ந்துபோன டீசல் இஞ்சின் அது. குளிரில் சும்மா சாவியைத் திருப்பினால் இருமுமே தவிர எழும்பாது. ஸ்டியரிங்குக்குப் பக்கத்தில் ஒரு பொத்தான் இருந்தது. அதை அழுத்திப் பிடித்தால் இஞ்சினுக்குள் இருக்கிற ஹீட்டர்கள் சூடேறும். சூடேறுவதைக் காட்ட, முன்பலகையில் சின்ன வலைக்குள் ஒரு கம்பிச்சுருள் மெல்லச் சிவந்து வரும். அது நன்றாகச் சிவக்கும்வரை பொறுத்துத்தான் ஸ்டார்ட் அடிக்க வேண்டும். பொறுக்காமல் அடித்தால் பெட்டரிதான் இறங்கும். ஜவுபர் ஒருமுறை பொறுக்காமல் அடித்ததற்காக, சந்தையில் ஆட்கள் பார்த்திருக்க, செருப்பைக் கழற்றி அவனுடைய கன்னத்தில் அறைந்தவர் மீராசா. அப்போது அவன் இரண்டு பிள்ளைகளுக்கு வாப்பா.

ஸ்டார்ட்டர் முனகியது. இஞ்சின் ஏறவில்லை. மறுபடி முனகியது.

மீராசா கண்ணைத் திறக்காமலே சொன்னார்: “ஹீட்டர் புடிக்காம அடிக்கான்.”

றாஹிலா திரும்பிக் கண்ணாடி வழியே பார்த்தாள். வலைக்குள் கம்பி கறுப்பாகவே இருந்தது. ஜவுபரின் வலது கை சாவியில். இடது கை தொடைமேல் கிடந்தது, பொத்தானை அழுத்தவேயில்லை. மறந்துவிட்டானாக்கும் என்று நினைத்துக் கண்ணாடியில் தட்டப் போனாள். அதற்குள் அவன் திரும்பினான். அவள் பார்ப்பதைப் பார்த்தான். அந்தக் கை அப்படியே கிடந்தது.

தட்டப் போன விரலை றாஹிலா மடக்கிக்கொண்டாள்.

ஊரையே பெயர்த்த அந்தச் சூறாவளிக்கு அடுத்த மாரியில், இதேபோலொரு விடியலில், அவளுடைய பிள்ளை ஸைனம்புவுக்குக் காய்ச்சலில் வலிப்புக் கண்டது. நடக்கப் பழகிய பிள்ளை. ஜவுபர் ஓடிப்போய் லொறியில் ஏறிப் பொத்தானைப் பிடித்தான். கம்பி சிவந்து வருகையில் மீராசா வந்து சாவியைப் பிடுங்கினார். நெல்லு மூட்டை ஏற்ற லொறி போக வேண்டும், இப்போதே பெட்டரியை இறக்க முடியாது என்றார். “பஸ் வரும்,” என்றார். உம்மா அவர் காலைப் பிடித்தாள். “பஸ் வரும் எண்டு சொல்றன்,” என்று காலை உதறினார். பஸ் வரத்தான் செய்தது. அது வரும்போது பிள்ளை றாஹிலாவின் மடியில் விறைத்துப் போயிருந்தது. பிள்ளைக்குக் கத்தம் ஓதி முடிந்த கையோடு தன் உம்மா வீட்டுக்குப் போன புருஷன் நூஹு பிறகு இந்த வாசற் படலையைத் திறக்கவேயில்லை.

ஸ்டார்ட்டர் மறுபடி முனகியது. முன்னைவிட மெல்லிய சத்தம்.

“சொல்லு புள்ள அவனுக்கு. ஹீட்டரப் புடிக்கச் சொல்லு.”

“காக்கா புடிச்சிக்கிட்டுத்தான் இரிக்கார், வாப்பா.”

“பொய். எனக்குச் சத்தம் தெரியும்.”

“குளிரு வாப்பா. அதான் சுணங்குது.”

மீராசா கண்ணைத் திறந்தார். தலைகீழாக மகளுடைய முகத்தைப் பார்த்தார். அவள் போர்வையைக் கழுத்துவரை இழுத்துவிட்டாள், நெற்றி வியர்வையைத் துடைத்தாள். ஒரு மகள் செய்ய வேண்டியதில் எதையும் குறைக்கவில்லை. அவருடைய பார்வை அவள் முகத்திலேயே நின்றது. எதுவோ விளங்கிவிட்டது போல் உதடு நடுங்கியது.

“மகள்,” என்றார். அந்தச் சொல் அந்த வாயிலிருந்து வந்து எத்தனையோ காலமாகியிருந்தது.

முன்னால் ‘டக்’ என்றொரு சத்தம். பிறகு அதுவும் இல்லை. பெட்டரி செத்துவிட்டது. படங்கின்மேல் மழை மட்டும் கேட்டது.

“இப்ப என்ன செய்ற, மகள்?”

றாஹிலா குனிந்து, அவருக்கு மட்டும் கேட்கும்படி சொன்னாள்.

“பஸ் வரும் வாப்பா.”

சீனிமுகம்மது நான்கு பேரைக் கூட்டிவந்து தள்ளினார். ஈர மணலில் சக்கரம் புதைந்ததே தவிர உருளவில்லை. “ட்றக்டர் கொண்டாறன்,” என்று அவர் மழைக்குள் ஓடினார். மீராசாவின் மூச்சு அடைத்து அடைத்து வந்தது. றாஹிலா காதோரம் வாய்வைத்துக் கலிமா சொல்லிக்கொடுத்தாள். ஒவ்வொரு சொல்லாக, நிறுத்தி, தெளிவாகச் சொன்னாள். அவர் திருப்பிச் சொன்னாரா இல்லையா என்பது தெரியவில்லை. கண்கள் மட்டும் கடைசிவரை அவளைவிட்டு நகரவில்லை. ட்றக்டர் சத்தம் தெருமுனையில் கேட்டபோது அவள் அந்தக் கண்களை மூடிவிட்டாள்.

சீனிமுகம்மது தலைத்துண்டைப் பிழிந்துகொண்டு ஜவுபரிடம் கேட்டார்.

“ஹீட்டர் புடிச்சுத்தானே அடிச்சாய்?”

ஜவுபர் கையிலிருந்த சாவியைப் பார்த்தான்.

“புடிச்சார்,” என்றாள் றாஹிலா லொறியிலிருந்து இறங்கியபடி. “நான் கண்டன். கம்பி நல்லாச் சிவந்திச்சு.”

“அப்ப பெட்டரிதான். இந்த மாரிக்கு எந்தப் பெட்டரி நிக்கும்? அல்லாட நாட்டம்.” சீனிமுகம்மது ஜவுபரின் தோளைத் தட்டினார். “மனசப் போட்டு அலட்டாத. நீ உன்னால ஏண்டதச் செய்தாய்.”

ஜவுபர் தலையாட்டிக்கொண்டே போய் வேலியோரம் குந்தி வாந்தியெடுத்தான். வாப்பாமேல் எவ்வளவு பாசம் பாருங்க என்று பெண்கள் சொல்லி அழுதார்கள். ஹாஜறா அழவில்லை. மையத்துக் குளிப்பாட்டத் தண்ணீர் நிறைத்து வைத்தாள்.

பின்னேர அஸர் தொழுகைக்கு முன்னமே மழை விட்டு வெறித்துவிட்டது. ஜனாஸா அடக்கத்துக்குப் போனது. ஜவுபர்தான் கபுருக்குள் இறங்கி வாப்பாவைக் கிடத்தினான் என்று வந்தவர்கள் சொன்னார்கள்.

பொழுதுபட்டு மஃரிப் தொழுகைக்குப் பிறகு சீனிமுகம்மது வீட்டிலிருந்து சோறும் ஒரு சட்டி மீன் ஆணமும் வந்தன. ஹாஜறா வெள்ளையுடுத்து, புருஷனை இழந்தவள் ஒதுங்கியிருக்கும் இத்தாவுக்கு ஒதுக்கிய அறையில் பாயில் இருந்தாள். ஜவுபர் காலில் கபுரடி மண்ணோடு வாசற்படியில் நின்றான், உள்ளே வரவுமில்லை, போகவுமில்லை.

“காலக் கழுவிட்டு வந்து தின்னு மனே,” என்றாள் ஹாஜறா. அவன் அசையவில்லை.

றாஹிலா மூன்று சோற்றுப் பீங்கான்களை வைத்தாள். “உம்மா,” என்று மெதுவாகத் தொடங்கினாள். “லொறிக்குள்ள...”

“ஆணம் ஆறுது,” என்றாள் ஹாஜறா.

சட்டியில் பெரிய மீன்தலை ஒன்று கிடந்தது. அந்த வீட்டில் மீன்தலை மீராசாவுக்கு மட்டுந்தான், மற்றவர்கள் கேட்டதுகூடக் கிடையாது. ஹாஜறா அகப்பையால் அதை எடுத்து, கொஞ்சநேரம் பிடித்திருந்து, தன் பீங்கானில் போட்டாள். செவுளுக்குள் விரலை விட்டுப் பிரித்தாள். ஒரு முள்ளும் விடாமல் சூப்பிச் சூப்பி, அவசரமில்லாமல் சாப்பிட்டாள்.