முத்துப்பேச்சியை விட்டுப் போட்ட சராசரி

1998 ஆகஸ்டில் ஒரு வியாழக்கிழமை காலை, காமயகவுண்டன்பட்டிப் பக்கத்துப் பள்ளிக்கூடம் ஒன்றின் ஏழாம் வகுப்புப் பிள்ளைகள் முப்பது பேர் 138.87 சென்டிமீட்டர் உயரத்தில் தூங்கி எழுந்தார்கள். வகுப்பிலேயே நெட்டையாக இருந்த கர்ணனுக்குக் கால்சட்டை முழங்காலுக்குக் கீழே தொங்கியது. குட்டைப் பிள்ளைகளுக்குப் பாவாடை மேலே ஏறிவிட்டது. முப்பத்தொன்றாவது பிள்ளை முத்துப்பேச்சி மட்டும் பழைய 112 சென்டிமீட்டரிலேயே வந்து முதல் பெஞ்சில் உட்கார்ந்தாள்.

காரணம் கணக்கு வாத்தியார் சுருளிராஜனுக்குத் தெரியும். முந்தைய நாள் அவர் சராசரி நடத்தினார். பிள்ளைகளின் உயரத்தை அளந்து, கரும்பலகையில் எழுதி, கூட்டி, முப்பத்தொன்றால் வகுத்தார். 138 வந்தது. பக்கத்து வகுப்பில் 138.5 வந்திருந்தது. "ஒன்னாலதாம்மா கொறையுது" என்று முத்துப்பேச்சியிடம் சிரித்தபடி சொல்லி, அவளைக் கதவுக்கு வெளியே நிறுத்தினார். அவளுடைய எண்ணை அழித்துவிட்டு மறுபடி போட்டார். 138.87. பிள்ளைகள் கைதட்டினார்கள். அவரும் தட்டினார்.

நெட்டைப் பிள்ளைகளின் வீட்டார் சண்டைக்கு வந்தார்கள்; குட்டைப் பிள்ளைகளின் வீட்டிலிருந்து ஒரு தார் வாழைப்பழம் வந்தது. மொத்த உயரத்தில் எதுவும் குறையவில்லை என்று தலைமையாசிரியர் கூட்டிக் காட்டியதும் சண்டை அடங்கியது. கடைசியாக முத்துப்பேச்சியின் அம்மா முருகம்மாள் வந்தாள். திராட்சைத் தோட்டத்தில் அடித்த மருந்து வாசனை சேலையில் இருந்தது.

"மத்த பிள்ளைகள எல்லாம் சேத்துத்தான கணக்குப் போட்டீக. எம்பிள்ளைய மட்டும் எதுக்கு சார் விட்டீக?"

அவள் மெதுவாகக் கேட்டாள். சுருளிராஜன் மேசையில் கிடந்த சாக்பீஸ் தூளைத் துடைத்துக்கொண்டிருந்தார். அவள் போன பிறகும் துடைத்தார்.

புத்தகத்தில் அடுத்த பாடம் இடைநிலை அளவு. வரிசையாக நிறுத்தினால் நடுவில் நிற்பவரின் உயரம்தான் விடை. ஓரத்தில் நிற்பவர் எவ்வளவு குட்டையானாலும் அது மாறாது. இதில் யாரும் யாரையும் குறைத்துவிட முடியாது என்று நம்பி நடத்தினார். முத்துப்பேச்சியை வைத்துப் போட்டார், 138.87. எடுத்துவிட்டுப் போட்டார், 138.87.

"பாத்தியா, ஒன்னால ஒண்ணும் கொறையல."

அவள் எழுந்து நின்றாள். "அப்ப நான் இருந்தாலும் இல்லாட்டியும் ஒண்ணுதானா சார்?"

பதினாறு வருட சர்வீசில் முதல் தடவையாக, மணி அடிக்கும் முன்பே அவர் வகுப்பை விட்டுப் போனார். மறுநாள் எல்லோர் முன்னாலும் சொன்னார்: "ஒன்னைய வெளிய நிறுத்துனது என் தப்பு. இப்ப ஒன்னையும் சேத்துப் போடுறேன். மத்தவுகளுக்கு ஒரு சென்டிமீட்டர்கூட முழுசாக் கொறையாது."

"வேணாம் சார். நானே வளந்துக்கிறேன்."

கையில் எடுத்த சாக்பீஸை அவர் வைத்துவிட்டார்.

முப்பது பேரும் வருடாவருடம் சேர்ந்தே வளர்ந்து, 2003இல் ஆணும் பெண்ணுமாக 159 சென்டிமீட்டரில் நின்றார்கள். முத்துப்பேச்சி ஒரு வருடம் பன்னிரண்டு சென்டிமீட்டர் வளர்ந்தாள், ஒரு வருடம் வளரவே இல்லை. 147 வரை வந்தாள். சுருளிராஜன் மாறுதல் வாங்கிக்கொண்டு பழனிசெட்டிபட்டிக்குக் குடிபோனார். சராசரி நடத்தவேண்டிய வாரம் வந்தால் விடுப்பு எடுத்தார். பஸ்ஸில் பழைய ஊர்க்காரர்கள் ஏறினால் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

2010 தை மாதம் முத்துப்பேச்சி கல்யாணப் பத்திரிகையுடன் அவர் வீட்டுக்கு வந்தாள். அவர் நிமிர்ந்து பார்க்கவில்லை.

"அத இன்னும் நெனச்சுக்கிட்டா இருக்கீக?"

"ஆமாம்மா."

"நானுந்தான் சார். கல்யாணத்துக்கு வந்துருங்க."

அவர் போனார். மேடைக்குப் போகாமல், பந்தியின் கடைசி இலையில் குனிந்து உட்கார்ந்தார். எதிர் வரிசையில் ஒரே உயரத்தில் முப்பது பேர் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். வடுகபட்டியிலிருந்து வந்து பந்தி பரிமாறிய மாப்பிள்ளை வீட்டார் அதைப் பார்த்தார்கள். இந்த ஊர்ப் பக்கம் அப்படித்தான் போலும் என்று எடுத்துக்கொண்டு, யாருக்கு ரசம் வேண்டும் என்று கேட்டுக்கொண்டே நடந்தார்கள்.