தட்டு வரட்டும்

மாமனாரின் பார் மாப்பிள்ளை கைக்கு வந்து பதினெட்டு நாள்தான் ஆகியிருந்தது. அதற்குள் எனக்கு அவனைக் கண்டாலே எரிச்சல். பெயர் ஹகோபோ, மாட்ரிட்காரன். முதலாளி பெர்மீனுக்கு மூட்டு தேய்ந்து நிற்க முடியாமல் போனதும், மகளைக் கட்டியவனிடம் சாவியைக் கொடுத்துவிட்டு வீட்டில் போய் உட்கார்ந்துகொண்டார். தெற்கே எங்கள் கிரனடாவில் பார் நடத்துவதைப் பற்றி இவனுக்கு என்ன தெரியும் என்று அவர் யோசித்துப் பார்த்ததாகத் தெரியவில்லை.

முதல் வாரம் உயரமான ஸ்டூல்கள் வந்தன. அடுத்த வாரம் பியர் ஊற்றி வைக்கும் மேடைக்கு அடியில் குப்பைக்கூடைகள் வந்தன. கை துடைத்த காகிதத்தைத் தரையில் போடுவதுதான் எங்கள் வழக்கம். மதியம் மூன்று மணிக்குத் தரை சுத்தமாக இருந்தால் அந்தக் கடையில் யாரும் வாய் வைக்கவில்லை என்று அர்த்தம். அதையும் பொறுத்துக்கொண்டேன். என் சமையலறைக்குள் வராதவரை என்னவும் செய்துகொள்ளட்டும் என்று இருந்தேன்.

அந்தச் சனிக்கிழமை காலை சமையலறைக்குள்ளேயே வந்துவிட்டான். கையில் பளபளவென்று ஒரு அட்டை. என் கத்தரிக்காய் வறுவல், தக்காளிக் குழம்பில் வெந்த இறைச்சி, நெத்திலி எல்லாம் அதில் போட்டோவாக இருந்தன. ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் ஒரு விலை.

“இனிமே இதுதான் ரெமே அக்கா. பியருக்குத் தனி, தட்டுக்குத் தனி. வர்றவங்க அட்டையைப் பார்த்து, பிடிச்சதைச் சொல்லுவாங்க.”

“பியர் கேட்டா தட்டு தானா வரும் மாப்ளே. இந்த ஊர்ல பச்சைக் குழந்தையைக் கேளு, அதுவும் சொல்லும்.”

“இப்படிச் சும்மா அள்ளிக் குடுத்துத்தான் மாமா ஒண்ணும் சேர்க்காம மூட்டைத் தேச்சுக்கிட்டு உட்கார்ந்திருக்கார்.”

“மூட்டு தேஞ்சது நின்னதால. குடுத்ததால இல்ல.”

அவனுக்குச் சிரிப்பு வரவில்லை. பரிமாறும் ஜன்னலைக் காட்டினான். “பில் போடாத தட்டு ஒண்ணு இந்த ஜன்னலைத் தாண்டிச்சுன்னா, அது பின்னாடியே நீங்களும் கிளம்பிடலாம். கோவிச்சுக்காதீங்க, வியாபாரம்னா அப்படித்தான்.”

இருபத்திரண்டு வருஷமாக அந்த அடுப்பு என்னுடையது. பியரோடு சும்மா வரும் தீனியை வெளியூர்க்காரர்கள் தாப்பாஸ், தாப்பாஸ் என்று வாய் நிறையச் சொல்லிக்கொண்டு வருவார்கள். எங்களுக்கு அது தட்டு, அவ்வளவுதான். யாருக்கு எந்தத் தட்டு என்று முடிவு செய்கிறவள் நான். எலோய் பஸ் ஓட்டி முடித்து வரும்போது முகம் தொங்கிப்போயிருந்தால் இறைச்சி போகும். மருந்துக்கடை சோலே நேற்று மீன் சாப்பிட்டிருந்தால் இன்று அவளுக்கு மீன் கிடையாது. ஒருவரும் இது வேண்டும் அது வேண்டும் என்று கேட்டதில்லை. கேட்டால் எனக்குக் கோபம் வரும் என்பது தெருவுக்கே தெரியும். இப்போது ஆளாளுக்கு ஒரு படத்தின் மேல் விரலை வைப்பார்களாம், நான் வறுத்துப் போட வேண்டுமாம். பொத்தானை அழுத்தினால் சாமான் விழுகிற பெட்டியா நான்?

அவ்வளவு ஆத்திரம் இருந்தும் வாயை மூடிக்கொண்டேன். பயம்தான். ஐம்பத்தாறு வயசுக்காரிக்கு இன்னொரு கடையில் எவன் அடுப்பைக் கொடுப்பான்? வட்டம் வட்டமாகக் கத்தரிக்காயை நறுக்கிப் பாலில் ஊறப் போட்டுவிட்டு, கை வேலை செய்ய, மனசுக்குள் அவனை வண்டை வண்டையாகத் திட்டிக்கொண்டிருந்தேன்.

ஒரு மணிக்கு எலோய் வந்தான். ஸ்டூலை முழங்காலால் தள்ளிவிட்டு வழக்கமான இடத்தில் நின்றுகொண்டான். ஹகோபோ பியர் ஊற்றி, பக்கத்தில் ஒரு அட்டையை வைத்தான். எலோய் அட்டையின் மேல் முழங்கையை ஊன்றிக்கொண்டு ஜன்னல் பக்கம் பார்த்தான். நான் குனிந்துகொண்டேன்.

தட்டு வராமல் எங்கள் கடையில் யாரும் கிளாஸில் கை வைப்பதில்லை. யாரும் போட்ட சட்டம் இல்லை, பழகிப்போன பழக்கம். அதனால் எலோய் சும்மா நின்றான். சோலே வந்தாள், அவளும் நின்றாள். பேக்கரிக்காரர் மனைவியோடு வந்தார். சனிக்கிழமைக் கூட்டம் சேர்ந்தது. ஒவ்வொருவர் முன்னாலும் ஒரு அட்டை வந்தது. ஒன்றரை மணிக்கு மேடை மேல் பன்னிரண்டு பியர் நிறைய நிறைய நின்றன. ஒரு கிளாஸ்கூடக் குறையவில்லை.

ஹகோபோவுக்கு வியர்த்தது. “ஏன் யாரும் குடிக்கல?”

“சமையல்கட்டுல இன்னைக்கு லேட்டு போல,” என்றான் எலோய். “பரவாயில்ல தம்பி, எனக்கு ஒண்ணும் அவசரமில்ல.”

“லேட்டெல்லாம் இல்ல. இந்த அட்டையைப் பார்த்து நீங்கதான் சொல்லணும்.”

எலோய் அப்போதுதான் முழங்கையை எடுத்து அட்டையைப் படித்தான். மெதுவாக, விலை வரைக்கும் படித்தான். பிறகு அதைக் கவிழ்த்து வைத்தான்.

“நான் எதுக்குத் தம்பி சொல்லணும்? அது ரெமே வேலை. விடியற்காலைலேர்ந்து ஸ்டியரிங்கைப் பிடிச்சுட்டு வர்றேன், இங்கே வந்தாவது நான் எதையும் யோசிக்க வேணாம்னுதான் வர்றேன்.”

“அப்போ பியரையாவது குடிங்க.”

“தட்டு வரட்டும்.”

“தட்டு வரட்டும்,” என்றாள் சோலே. பேக்கரிக்காரர் மனைவி கைகளைக் கட்டிக்கொண்டாள். யாரும் சத்தம் போடவில்லை. கால்பந்து பேசினார்கள், மழை வருமா என்று பேசினார்கள். நுரை அடங்கி பியர் சூடேறிக்கொண்டிருந்தது.

ஹகோபோ சமையலறைக் கதவைத் தள்ளிக்கொண்டு வந்தான். “நீங்கதானே சொல்லிவெச்சீங்க?”

“காலைலேர்ந்து கத்தரிக்காயோடதான் பேசிக்கிட்டிருக்கேன்.”

“போய்க் குடிக்கச் சொல்லுங்க. நீங்க சொன்னா கேப்பாங்க.”

அதுவரைக்கும் எனக்குள் இருந்த பயம் எங்கே போனதென்று தெரியவில்லை. அங்கே பன்னிரண்டு பேர் என் கைச்சமையலுக்காகக் காய்ந்துபோய் நிற்கிறார்கள், இவன் என்னையே அனுப்பி அவர்களை மடக்கப் பார்க்கிறான். எண்ணெய் காய்ந்திருந்தது. கத்தரிக்காயை மாவில் புரட்டிப் போட்டேன். பொன்னிறமாக எடுத்து, பன்னிரண்டு தட்டில் வைத்து, கரும்புப் பாகை ஊற்றினேன்.

ஹகோபோ ஜன்னலை மறித்து நின்றான். “ரெமே அக்கா, நான் விளையாட்டுக்குச் சொல்லல.”

“நானும்தான்.”

ஜன்னலை வைத்துக்கொண்டு அவனே நிற்கட்டும் என்று தட்டுகளைப் பெரிய டிரேயில் அடுக்கி, கதவு வழியாக வெளியே போனேன். ஒவ்வொருவர் முன்னாலும் ஒன்று வைத்தேன். பன்னிரண்டு கிளாஸும் ஒரே நேரத்தில் மேலே போயின.

பின்னாலேயே வந்தவன் எல்லார் முன்னாலும் சொன்னான். “வேலை போச்சு. இப்பவே கிளம்பலாம்.”

“சரி,” என்றேன். ஏப்ரனைக் கழற்றி அவன் கையில் கொடுத்தேன்.

வாசல் பக்கம்தான் நடந்தேன். எல்லாரும் மெல்லுவதை நிறுத்திவிட்டு என்னையே பார்த்தார்கள். அழுதுகொண்டு வீட்டுக்குப் போகப்போகிறேன் என்று அவன் நினைத்திருப்பான். இருபத்திரண்டு வருஷம் வேலை செய்த கடையில் ஒரு நாள்கூட மேடைக்கு இந்தப் பக்கம் நின்று நான் குடித்ததில்லை. ஏன் போக வேண்டும்? சம்பளக்காரி இல்லையென்றால் இனி நானும் வாடிக்கைக்காரிதானே? எலோய்க்குப் பக்கத்தில் போய் நின்றேன். அவன் ஒன்றும் கேட்காமல் தள்ளி இடம் விட்டான்.

“ஒரு பியர்,” என்றேன்.

ஹகோபோ காது கேட்காதவன் போல் நின்றான்.

“எங்க ரெமே பியர் கேக்குறா தம்பி,” என்றான் எலோய்.

ஊற்றினான். கிளாஸை என் முன்னால் வைத்தான். நான் தொடவில்லை. சோலே தன் கிளாஸைக் கீழே வைத்தாள். பேக்கரிக்காரர் வைத்தார். எலோய் வைத்தான். ஒவ்வொன்றாகப் பன்னிரண்டும் மேடைக்கு வந்துவிட்டன.

“என்ன வேணும் உங்களுக்கு?” அவன் குரல் இறங்கிப்போயிருந்தது.

“நான் சொல்லக் கூடாது மாப்ளே. நீதான் போடணும்.”

“எனக்கு இதெல்லாம் செய்யத் தெரியாது.”

“தெரியும் தெரியும். உள்ளே ரொட்டி இருக்கு.”

அவன் எங்கள் முகங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தான். ஒருவர் முகத்திலும் இரக்கம் இல்லை. உள்ளே போனான். ஃபிரிட்ஜ் திறந்தது, மூடியது. ஏதோ கீழே விழுந்து உருண்டது. அசல் மாட்ரிட் கெட்ட வார்த்தை ஒன்று கேட்டது. சோலே வாயைப் பொத்திக்கொண்டாள்.

ஐந்து நிமிஷம் கழித்து ஒரு தட்டோடு வந்தான். கோணலாக வெட்டிய ரொட்டி, மேலே தக்காளி, அதன் மேல் டப்பா மீன். கட்டைவிரலில் ரத்தம், காகிதம் சுற்றியிருந்தான். தட்டை என் முன்னால் வைத்துவிட்டு அங்கேயே நின்றான். காசு கேட்கவில்லை.

ஒரு கடி கடித்தேன். உப்பே இல்லை. ஆனாலும் முழுக்கத் தின்றேன். பிறகுதான் கிளாஸை எடுத்தேன். பக்கத்தில் பன்னிரண்டு கிளாஸும் எழும்பின.

“இன்னொரு ரவுண்டு,” என்றான் எலோய், காலி கிளாஸைத் தள்ளி. மற்றவர்களும் தள்ளினார்கள். ஹகோபோ ஊற்றினான். ஊற்றி முடித்ததும், பன்னிரண்டு பேரும் கையைக் கட்டிக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பினார்கள்.

அவன் மேடை மேல் சாய்ந்து, எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி சொன்னான். “ரெமே அக்கா, தயவுசெய்து உள்ளே போங்க.”

“அந்த அட்டை?”

எல்லா அட்டைகளையும் ஒவ்வொன்றாகப் பொறுக்கினான். எலோயின் ஈரமான கிளாஸுக்கு அடியில் ஒட்டிக்கொண்டிருந்ததை அவன் இழுத்துத்தான் எடுக்க வேண்டியிருந்தது. நான் பார்க்கும்படி நான்காகக் கிழித்தான்.

“இப்போ போறீங்களா?”

“போறேன். பியர் முடியட்டும்.”

கிளாஸில் இன்னும் முக்கால் இருந்தது. நான் அவசரப்படவில்லை.