பெர்னடெட் மெல்ல நடந்த நாள்

செபநாயகத்தின் கணக்கு லேசில் பிழைக்காது. வள்ளம் எப்போது புறப்பட்டது என்று சொன்னால் போதும், குருநகர்க் கரைக்கு அது வரும் நேரத்தை அச்சொட்டாகச் சொல்லிவிடுவார். அந்தத் துணிச்சலில்தான் மகள் வரும் நேரத்தையும் கணக்குப் பார்த்தார்.

மனைவி பெர்னடெட் வெள்ளிக்கிழமை கண்ணை மூடினாள். ரொறன்ரோவிலிருந்து மகள் ஜெயனி அழுதழுது சொன்னாள்: "சனி இரவு பிளேன், அப்பா. கட்டுநாயக்கா எயார்போர்ட்டுக்கு இருபத்திரண்டு மணித்தியாலம்."

சனி இரவென்றால் சனி இரவுதானே! அங்கிருந்து வீட்டுக்கு வான் வண்டி ஓடும் நேரத்தையும் கூட்டிப் பார்த்தார். திங்கள் விடியமுன் பிள்ளை வாசலில் நிற்பாள். திங்கள் இரண்டு மணிக்கு அடக்கப் பூசை என்று ஓட்டோவில் ஒலிபெருக்கி கட்டி அறிவித்தாயிற்று.

அங்கே சனி இரவாகும்போது இங்கே ஞாயிறு விடிந்துவிடும் என்பது மனுசனுக்குத் தோன்றவேயில்லை. மகள் போய்ப் பத்து வருடம். அவள் தொலைபேசியில் அழைத்தால் கதைப்பார். அங்கே இப்போது என்ன நேரம் என்று ஒருநாளாவது கேட்டிருந்தால்தானே!

திங்கள் காலை தொலைபேசி அடித்தது.

"இப்பதான் இறங்கினனான், அப்பா. நான் வராமல் அம்மாவை மூடிப்போடாதேங்கோ."

செபநாயகம் பங்குச் சுவாமியாரிடம் ஓடினார்.

"பாதர், பிள்ளை வர நாலு மணியாகும்."

"பூசையைப் பிந்த விடேலாது, செபநாயகம். பிறகு எனக்கு வேறை பங்கிலை அலுவல். பெர்னடெட்டின்ரை உடம்பும் இனித் தாங்காதாம்."

பூசை முடிந்தது. வான் இன்னும் ஒரு மணித்தியாலத் தூரத்திலிருக்கும் ஆனையிறவைத் தாண்டவில்லை. கோயிலிலிருந்து அடக்கம் செய்யும் சேமக்காலைக்குப் பத்து நிமிட நடை. மூடிக்கு ஆணி அடிக்கவேண்டாம் என்று தடுத்த செபநாயகம், பெட்டியின் முன்பக்கம் தோள்கொடுத்த தங்கச்சி மகன் லெனாட்டின் காதில் சொன்னார்:

"மெல்லப் போ, தம்பி. இன்னும் மெல்ல."

லெனாட் மாமாவின் முகத்தைப் பார்த்தான். நடையைக் குறைத்தான். பெர்னடெட் மீன் விற்ற மூலையில் நின்று தோள் மாற்றினார்கள். அடுத்த சந்தியில் மறுபடியும் மாற்றினார்கள்.

பெர்னடெட்டுக்கு வாழ்நாளெல்லாம் ஓட்டமும் நடையும்தான். மீன்கடகத்தைத் தலையில் சுமந்து அவள் போனால், கூடப்போகிறவர்களுக்கு நாக்குத் தள்ளும்.

"உப்பிடிப் போனால் நாளைக்குத்தான் போய்ச் சேருவம்" என்று முணுமுணுத்தாள் அயல்வீட்டு மரியநாயகி. ஊர்வாய் எப்போது சும்மா இருந்தது?

முன்னால் போன சுவாமியார் செபமாலையின் ஐந்து தேவரகசியங்களையும் முடித்துக் கடிகாரத்தைப் பார்த்தார். திரும்பிச் செபநாயகத்தைப் பார்த்தார். அந்த முகத்தில் என்ன கண்டாரோ, மறுபடி முதலாம் தேவரகசியத்தைத் தொடங்கினார். மரியநாயகியும் வாயை மூடிக்கொண்டு மணியுருட்டினாள்.

பெட்டியைக் குழியருகே இறக்கும்போது வாசலில் வான் வந்து நின்றது. குளிர்ச்சட்டையைக்கூடக் கழற்றாமல் ஜெயனி ஓடிவந்தாள். மூடி திறந்தது. தாயின் நெற்றியில் முகத்தைப் புதைத்தவள் வெகுநேரம் நிமிரவில்லை.

"பிழை என்னிலைதான், பிள்ளை. நேரத்தைப் பிழையாக் கணக்குப் பார்த்துப்போட்டன்" என்றார் செபநாயகம்.

"பிந்திப்போனன், பிந்திப்போனன் எண்டு வழியெல்லாம் செத்துச் செத்து வந்தனான், அப்பா."

"நீ எங்கை பிந்தினனீ? ஒருநாளும் மெல்ல நடவாத மனுசி, இண்டைக்கு உனக்காக நடந்தவ."