கட்டத் தேவையானவை

கண்ணுசாமி வாத்தியாரின் கணினியில் அந்த மென்பொருள் ஒரு குறையுமில்லாமல் ஓடியது. பாலிடெக்னிக்கில் பாடம் சொல்லி ஓய்வு பெற்றபின், நாமக்கல் கோழிப்பண்ணைகளுக்காக அவர் எழுதிய தீவனக் கணக்கு அது. மக்காச்சோளம் எவ்வளவு, சோயா எவ்வளவு, கிளிஞ்சல் எவ்வளவு என்று சொல்லிவிடும். லினக்ஸ் என்ற இலவச இயங்குதளத்தின் மென்பொருள் தொகுப்பில் சேர்ந்துவிட்டால் யார் வேண்டுமானாலும் ஒரே கட்டளையில் நிறுவிக்கொள்ளலாம். யார் தயவுமில்லாமல் தனியாகச் செய்தது என்று பண்ணைக்காரர்களிடம் சொல்லி வைத்திருந்தார்.

தொகுப்புக் குழுவிலிருந்து ஆத்தூர் ஜெயபிரகாஷ் போன் செய்தார். குழுவின் இயந்திரத்தில் அவர் எழுதிய நிரலை ஓடும் மென்பொருளாகக் கட்ட முடியவில்லையாம். அந்த இயந்திரம் ஒவ்வொரு முறையும் வெறுமையாகத்தான் தொடங்கும். 'கட்டத் தேவையானவை' என்று எழுதிக் கொடுத்ததை மட்டும் போட்டுக்கொள்ளும். கலவைக் கணக்கைத் தீர்க்க இந்த மென்பொருள் துணைக்கு அழைக்கும் தனி நிரல்நூலகம் அதில் எழுதப்படவில்லை. உங்கள் கணினியில் ஏற்கெனவே இருந்ததால் கவனித்திருக்க மாட்டீர்கள் என்றார். நாளை மாலைக்குள் திருத்தாவிட்டால் இந்த வெளியீட்டில் இடம் கிடைக்காது.

கவனிக்காமல் இல்லை. அந்த நூலகத்தை எழுதி, அவர் கணினியில் போட்டுக் கொடுத்தவள் மகள் நிலா. பிறகு வீட்டுக்குச் சொல்லாமல் கல்யாணம் செய்துகொண்டு போய்விட்டாள். மகன் மதியழகனின் கல்யாணப் பத்திரிகையில் அவள் பெயரை வாத்தியார் போடவில்லை. கல்யாணம் நடக்கத்தான் செய்தது. அவள் பெயரில்லாமல் இதுவும் அப்படியே நடந்துவிடும் என்று நினைத்திருந்தார்.

அன்று முழுவதும் உட்கார்ந்து அந்தக் கணக்கைத் தானே எழுதிப் பார்த்தார். சுண்ணாம்புச் சத்து தாறுமாறாக வந்தது. மனைவி அங்கம்மாள் காபியை வைத்துவிட்டு நின்றாள்.

"நாலு வருசமா அவ கணக்குலதானுங்க அத்தன கோழியும் திங்குது. கோழிக்கு ஒத்துக்குது, உங்களுக்குத்தான் ஒத்துக்க மாட்டேங்குது."

கோபம் வரும் என்று எதிர்பார்த்தார். வரவில்லை. மறுநாள் காலை அந்த நூலகத்தின் பெயரை ஒரு வரியாகச் சேர்த்து அனுப்பினார். அப்போதும் மனதில் ஒன்றும் அசையவில்லை.

மதியம் ஜெயபிரகாஷ் மறுபடி அழைத்தார். கட்டி முடிந்தது, சேர்த்தாயிற்று என்றார். பிறகு, "அந்த நூலகத்த எழுதினவங்க நிலா கண்ணுசாமின்னு போட்டிருக்காங்க. உங்க பேரு இருக்கே சார், சொந்தமா?" என்று கேட்டார்.

பெயரை மாற்றியிருப்பாள் என்றே வாத்தியார் நினைத்திருந்தார். அங்கம்மாள் சமையலறை வாசலுக்கு வந்து நின்றாள்.

"என்ற புள்ளதானுங்க," என்றார் வாத்தியார் போனில்.

ஜெயபிரகாஷ் மேற்கொண்டு என்னவோ சொன்னார். காதில் ஏறவில்லை. போனை வைத்ததும் அங்கம்மாள் தன் போனில் நிலாவின் எண்ணை எடுத்து மேசைமேல் அவர் முன்னால் வைத்தாள். அவர் அதைத் தொடவில்லை. எடுத்துக்கொண்டு போ என்றும் சொல்லவில்லை.