முழங்கை இடுக்கில் ஒரு கர்ட்டன்

"ரோஜாத் தோட்டத்துக்குள்ள கர்ட்டன் எங்கேருந்துடி வந்துச்சு?"

அக்கா இதையே மூன்றாவது முறையாகக் கேட்டாள். ஒவ்வொரு முறையும் குரல் ஒரு படி ஏறியிருந்தது. ஸ்டூடியோவின் கண்ணாடிக் கதவு சரியாகச் சாத்தாது என்பதால், வெளியே போகிறவர்களுக்கும் நிற்கச் சௌகரியமாக இருந்தது.

கேள்வி அவள் தங்கைக்கு. கணினியில் படம் திருத்துவது தங்கையின் பிழைப்பு. அக்கா மகள் சித்தி என்று கூப்பிட்டுக் கூப்பிட்டு, அவளைவிட மூத்தவர்களும் சித்தி என்றே கூப்பிடும்படி ஆகிவிட்டது. மேசையில், மாப்பிள்ளை வீட்டுக்குக் கொடுத்திருந்த அந்த மகளின் படம்தான் கிடந்தது. இடுப்பில் ஒரு கையை ஊன்றி, ரோஜாக்களுக்கு நடுவே சிரித்துக்கொண்டு நின்றாள். பின்னணியை மாற்றித் தோட்டம் போட்டவள் சித்தி. எல்லாம் அழகு. வளைந்த முழங்கைக்கும் இடுப்புக்கும் நடுவிலிருந்த முக்கோண இடுக்கில் மட்டும் ரோஜா இல்லை. மஞ்சள் துணியில் நீலக் குடைகள் தொங்கின.

அதைக் கண்டுபிடித்து எடுத்துவந்தவர் மாப்பிள்ளையின் அம்மா, ஓய்வுபெற்ற நர்ஸ். அவர் கத்தவே இல்லை. கைப்பையை மடியில் வைத்தபடி, "அது என் சின்னவன் ரூமுக்கு நான் தைச்சுக் குடுத்த கர்ட்டன்" என்று மட்டும் சொல்லியிருந்தார்.

சின்னவன் லிஃப்ட் மெக்கானிக். வேறு ஊரில் தனியாக ரூம் எடுத்துத் தங்கியிருப்பவன். கல்யாணம் பேசியிருப்பதோ பெரியவனுக்கு. அண்ணனுக்குப் பேசிய பெண் தம்பியின் ரூமில் என்ன செய்தாள்? இதை யாரும் வாய்விட்டுக் கேட்கத் துணியாததால்தான் அக்கா கர்ட்டனையே பிடித்துத் தொங்கிக்கொண்டிருந்தாள்.

சித்திக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. அந்தப் படத்துக்கு அவள் எடுத்துக்கொண்ட பாடு கொஞ்சமா? பெண்ணுக்குச் சுருட்டை முடி. படத்தில் வேண்டாததை மறைக்க மாஸ்க் போடுவதில் முடியைப் போலப் படுத்துவது எதுவுமில்லை. கறுப்பைத் தடவினால் மறையும், வெள்ளையைத் தடவினால் திரும்பி வரும். ஒரு சுருளைக் காப்பாற்றப் போனால் பக்கத்துச் சுருள் காணாமல் போகும். ஒவ்வொரு சுருளுக்குள்ளும் தெரிந்த சுவரைக்கூட விடாமல் மறைத்தவள், கை நுழைகிற இடுக்கைக் கோட்டைவிட்டிருந்தாள்.

அதுகூடப் பெரிதில்லை. மறைத்ததில் வேறொன்றும் இருந்தது. அது சித்திக்கு மட்டும்தான் தெரியும். பெண்ணுக்குப் பின்னால் ஒரு கட்டில், அதில் முகத்தைச் செய்தித்தாளால் மூடிக்கொண்டு தூங்கும் ஒரு ஆள், வெளியே நீட்டிய இரண்டு கால். அன்றைக்கே யாரென்று கேட்டாள். தோழியின் அப்பா என்றாள் பெண். வேறு படம் கொடேன் என்றதற்கு, இதில்தான் சிரிப்பு நன்றாக விழுந்திருக்கிறது என்று பிடிவாதம் பிடித்தாள். தோழியின் அப்பாவுக்கு லிஃப்ட் மெக்கானிக்கின் ரூமில் என்ன தூக்கம்? அந்தக் கால்கள் வெளியே வந்தால் கல்யாணம் அத்தோடு சரி என்பது மட்டும் சித்திக்குத் தெளிவாக விளங்கியது.

"நான்தான் போட்டேன்" என்றாள். "சும்மா, டிசைனுக்கு."

அக்கா அதை எட்டிப் பிடித்துக்கொண்டாள். "பாத்தீங்களா சம்பந்தி? சின்ன வயசுலேருந்தே இவளுக்கு இப்படி ஏதாவது கிறுக்கு உண்டு."

நர்ஸம்மா படத்தைத் தன் பக்கம் திருப்பினார். "துணி பத்தாம ஒரு ஒட்டுப் போட்டேங்க. ஒட்டுத்துண்டுல குடை தலைகீழா வந்துடுச்சு. உங்க டிசைன்லயும் ஒரு குடை தலைகீழாத்தான் நிக்குது."

சித்தி அடுத்த பொய்யைத் தேடிக்கொண்டிருந்தாள்.

அந்த நேரம் பார்த்துத்தான் பெண் உள்ளே வந்தாள். பல் ஆஸ்பத்திரியில் வேலை. அம்மா போட்ட போனில் அரக்கப்பரக்க ஓடிவந்தவள், முகக்கவசத்தைத் தாடையிலிருந்து கழற்றக்கூட மறந்திருந்தாள். படத்தைப் பார்த்தாள், வருங்கால மாமியாரைப் பார்த்தாள், முழங்கையைப் பார்த்தாள்.

"சித்தி, அந்த மாஸ்க்க எடுத்துடுங்க."

சித்தி கண்ணால் ஜாடை காட்டினாள். பெண் கண்டுகொள்ளவில்லை. கால் இருப்பதை மறந்துவிட்டாளா, கல்யாணமே வேண்டாமென்று முடிவு கட்டிவிட்டாளா? எதற்கும் இருக்கட்டுமென்று, ஃபைல் அழிந்துபோய்விட்டதென்று முனகினாள் சித்தி. பெண் அவள் கையிலிருந்து மவுஸை வாங்கி, ஃபைலைத் திறந்து மாஸ்க்கைத் தானே எடுத்தாள்.

ரோஜாக்கள் போயின. மஞ்சள் கர்ட்டன், ஜன்னல், கட்டில், கால்கள் எல்லாம் வந்து நின்றன. மாஸ்க் எதையும் அழிப்பதில்லையே. அக்கா கால்களைப் பார்த்தாள், அருகிலிருந்த நாற்காலியில் பொத்தென்று உட்கார்ந்தாள்.

நர்ஸம்மா எழுந்து கண்ணாடியை மாட்டிக்கொண்டு, மூக்கு திரையில் உரசுகிற அளவுக்குக் குனிந்தார்.

"இது சின்னவன் கால் இல்ல" என்றார் மெதுவாக. "பெருவிரல் மேல பக்கத்து விரல் ஏறி உக்காந்திருக்கு பாருங்க. பிறந்தப்பவே அப்படித்தான். இது பெரியவன்."

"பெரியவன்னா, மாப்பிள்ளையா?" என்றாள் அக்கா.

"அவர்தாம்மா. படம் எடுத்தது அவர் தம்பி."

பிறகு எல்லாம் கொட்டியது. பெரியவன் பல்வலி என்று ஆஸ்பத்திரிக்கு வந்ததில் ஆரம்பித்த பழக்கம். இரண்டு அம்மாக்களும், பிறர் வாங்கி வந்த சோப்பில்கூடக் குறை கண்டுபிடிப்பவர்கள். தானாகத் தேடிக்கொண்டேன் என்று போய் நின்றால் நடக்காது. அதனால் தம்பியை விட்டு இருவர் விவரத்தையும் கல்யாணத் தரகரிடம் நழுவ விட்டார்கள். பெண் பார்க்க வந்தபோது பெரியவன், "நீங்க எங்க வேலை பாக்கறீங்க?" என்று குனிந்த தலை நிமிராமல் கேட்டானே, அந்தக் கூச்சத்தைச் சொல்லிச் சொல்லிப் பூரித்தவர் இந்த நர்ஸம்மாதான். சல்லடை போட்டுச் சலித்து எடுத்த மாப்பிள்ளை என்று தெருவெல்லாம் அளந்தவள் இந்த அக்காதான்.

பழி நீங்கியதே என்று இருவரும் மூச்சு விடுவார்களென்று சித்தி எதிர்பார்த்தாள். இருவர் முகமும் முன்னைவிடச் சுருங்கிப் போயிற்று.

"அப்ப நான் தேடினது?" என்றார் நர்ஸம்மா.

"நான் தேடினது மட்டும் என்னவாம்?" என்றாள் அக்கா.

கல்யாணத்தை நிறுத்திவிடுவார்களோ என்று பெண் சித்தியின் கையைப் பிடித்துக்கொண்டாள். நர்ஸம்மா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், மறுபடி துடைத்தார்.

"நிறுத்தறதுன்னா என்னன்னு சொல்லி நிறுத்தறது? நான் தேடிப் பாத்த பொண்ண நானே சரியில்லன்னு சொல்லணுமா?"

"அதானே" என்றாள் அக்கா. அவர்கள் இருவரும் ஒத்துப்போன முதல் விஷயம் அதுதான். நடந்தது இந்த அறையைத் தாண்டக் கூடாது, சித்தி உடனே அந்த இடுக்கிலும் ரோஜாவை வைத்து அடைக்க வேண்டும் என்று உத்தரவு போட்டார்கள். காட்டியதால் பிழைத்த கல்யாணத்தை எதற்கு மறுபடி மறைக்கச் சொல்கிறார்கள் என்பது சித்திக்குக் கடைசிவரை விளங்கவில்லை. ஆனாலும் அடைத்தாள். அதற்குள் விஷயம் தெருமுனைக்குப் போய்ச் சேர்ந்திருந்தது.

கல்யாணம் ஜாம்ஜாமென்று நடந்தது. அண்ணியை இன்றுதான் முதன்முதலாகப் பார்க்கிறேன் என்று தம்பிக்காரன் கேட்காதவர்களிடமும் சொல்லிக்கொண்டிருந்தான். இப்போது ஏதோ துறைமுக ஊரில் இருக்கிறான். அண்ணனும் அண்ணியும் நர்ஸம்மாவோடுதான் இருக்கிறார்கள், மருமகள் தன் தேர்வு என்று அவர் இன்றும் எல்லோரிடமும் சொல்கிறார். போன வருஷம் அக்காவின் இரண்டாவது மகள், ஒளிவுமறைவில்லாமல் ஒரு பையனை நேரே வாசலில் கொண்டுவந்து நிறுத்தினாள். அக்கா அவனைத் திருப்பி அனுப்பிவிட்டு, அவன் பெயரையும் விலாசத்தையும் தரகரிடம் கொடுத்து நல்ல பையனாகத் தேடச் சொன்னாள். தரகர் நான்கே நாளில் அவனைத் தேடிக் கண்டுபிடித்துவிட்டார். அந்தப் பெண்ணும் பையனும் கல்யாணம் முடிந்து தூரதேசம் போய்விட்டார்கள்.