பசோதினியின் காகிதங்கள்

சினிகிவே டூபே புலவாயோ நகராட்சியில் தண்ணீர் மீட்டர் கணக்கெடுப்பவள். பத்தொன்பது வருடமாக அதே வேலைதான். ஒரு கையில் குறிப்புப் புத்தகம், மறு கையில் மீட்டர் மூடியைத் தூக்க ஒரு வளைந்த கம்பி. பாதி நாள் அந்தக் கம்பி நாய்களை விரட்டத்தான் பயன்பட்டது. அவளுடைய இடது கெண்டைக்காலில் இரண்டு கடித் தழும்புகள் உண்டு. வெளிக்கதவுக்கு அந்தப் பக்கம் கேட்கும் குரைப்பை வைத்தே நாய் எவ்வளவு பெரியது, கட்டியிருக்கிறதா அவிழ்த்துவிட்டிருக்கிறதா என்று சொல்லிவிடுவாள். நாயை விட ஜனங்கள் மோசம் என்றும் சொல்வாள். வாரத்தில் மூன்று நாள் தண்ணீர் நிறுத்தினால், "குழாய்ல வெறும் காத்துதான் வருது, அதுக்கும் உன் மீட்டர் ஓடுதே, காத்துக்குமா பில்லு?" என்று அவளைத்தான் பிடித்துக்கொள்வார்கள், ஏதோ அவளே குழாயில் ஊதிவிட்டதுபோல.

பர்ன்சைடு பக்கம் ஒரு பெரிய வீட்டில் வேலை செய்த டுடுசிலே அவளுக்குப் பழக்கமானது அப்படித்தான். முதல் நாள் சினிகிவே மணியடித்தபோது மூன்று நாய்கள் ஒரே நேரத்தில் கதவில் மோதின. சமையலறையிலிருந்து ஓடிவந்த டுடு மூன்றையும் கழுத்துப்பட்டையைப் பிடித்து இழுத்துப்போய்க் கட்டினாள். பிறகு பின்வாசலில் டீயும் ரொட்டியும் கொடுத்தாள். அன்று முதல் மாதத்தில் ஒரு நாள் அந்தப் பின்வாசல் டீ தவறியதில்லை. சினிகிவேயின் கணவன் ஜோகன்னஸ்பர்க் போய், கடிதம் குறைந்து, கடைசியில் அங்கே வேறு குடும்பமே வைத்துக்கொண்டான் என்று சேதி வந்தபோது, ஒரு மூட்டை சோளமாவைத் தலையில் தூக்கிக்கொண்டு ம்போபோமாவில் இருந்த அவள் வீட்டுக்கு வந்தவள் டுடு. ஒரு வார்த்தை கேட்கவில்லை. அடுப்பைப் பற்றவைத்துக் களி கிண்டினாள். சினிகிவே அதை மறந்ததே இல்லை.

டுடு வேலை செய்த வீட்டுக்காரர்கள் மார்ச் மாதத்தில் நியூசிலாந்துக்குக் கிளம்பிப் போனார்கள். போய் நான்கு நாள் கழித்து டுடு போன் செய்தாள். "சினி, இங்க ஒரு உசுரு போயிட்டிருக்குடி. கொஞ்சம் வந்து பாரு."

கார் நிறுத்தும் கொட்டகையில், வெறும் சிமெண்ட் தரையில், அந்த வீட்டின் கடைசி நாய் கிடந்தது. இரண்டு வயதுப் பெண் நாய், ரிட்ஜ்பேக். கோதுமை நிறம். முதுகுத்தண்டு நெடுக ரோமம் எதிர்ப்பக்கமாக வளர்ந்து கத்தியால் கோடு கிழித்ததுபோல நின்றது. விலா எலும்பு ஒவ்வொன்றும் தெரிந்தது. காதுக்குள் உண்ணிகள் கொத்துக்கொத்தாகத் தொங்கின. சினிகிவே உதட்டைத் தூக்கிப் பார்த்தாள். ஈறு சுண்ணாம்புபோல வெளுத்திருந்தது.

"விட்டுட்டுப் போயிட்டாங்கடி" என்றாள் டுடு. "கார் கெளம்பினப்ப கேட்டு வரைக்கும் ஓடுச்சு. அப்புறம் சாப்பிடவே இல்ல."

இந்தச் சாதி நாய்களுக்குப் பதிவுக் காகிதம் இருக்கும் என்பது சினிகிவேக்குத் தெரியும். பர்ன்சைடில் பாதிப் பேர் பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழை விட அதைத்தான் பத்திரமாக வைத்திருந்தார்கள். அதனால் கேட்டாள்.

"காகிதம் ஒண்ணும் இல்ல. எல்லாத்தையும் தோட்டத்துல போட்டுக் கொளுத்திட்டாங்க. யாரும் தேடிக்கிட்டு வரமாட்டாங்க. எடுத்துக்க. உன்னுது."

"நாய்க்கடி பட்டவகிட்டயா நாயைக் குடுக்கற?"

"உன்னை விட்டா இத யாருடி காப்பாத்துவா?"

அந்தச் சொல்தான் சினிகிவேயை அசைத்தது. ஒரு பழைய போர்வையில் நாயைச் சுற்றி, இரண்டு பேருமாகத் தூக்கி மினிபஸ்ஸில் ஏற்றினார்கள். இந்த அம்மாவுக்கு இருக்கிற காலுக்கு ரெண்டு டிக்கெட் ஆகும் என்று கண்டக்டர் சொல்ல, பஸ்ஸே சிரித்தது.

கால்நடை மருத்துவர் ம்லொட்ஷ்வா உண்ணிக் காய்ச்சல் என்றார். ஒரு நாள் தாமதித்திருந்தால் பிழைத்திருக்காது என்றார். சிகிச்சை அட்டையில் உரிமையாளர் என்ற இடத்தில் சினிகிவே டூபே என்று எழுதினார். காகிதம் இல்லாவிட்டால் குட்டிகளுக்கு விலை கிடைக்காது என்று அவர் எச்சரித்தபோது அவள் சிரித்துவிட்டாள். விற்கவா அவள் தூக்கிக்கொண்டு வந்தாள்?

பிரான்சிஸ்டவுனில் இருக்கும் மகளைப் பார்க்கப் போவதற்காகச் சேர்த்துவைத்திருந்த பதினைந்து நாள் விடுமுறையை நாய்க்காக எடுத்தாள். ஈரல் வேகவைத்த தண்ணீரைக் கரண்டியால் கடைவாயில் ஊற்றினாள். பாதி வெளியே வழிந்தது. துடைத்துவிட்டு மறுபடி ஊற்றினாள். உண்ணிகளை ஒவ்வொன்றாகப் பிடுங்கி மண்ணெண்ணெயில் போட்டாள். ஒன்பதாம் நாள் அது தானாக எழுந்து, சுவரைப் பிடித்து நடக்கும் கிழவியைப்போலத் தள்ளாடி வந்து, அவளுடைய தட்டிலிருந்த களியையும் புளித்த பாலையும் நக்கியது. சினிகிவே தட்டை அப்படியே விட்டுவிட்டு அழுதாள். மகளுக்குப் போன் செய்து அதையும் சொன்னாள். மகள், பேரப்பிள்ளை எழுந்து நடந்தபோதுகூட நீ இப்படி அழவில்லையே அம்மா என்றாள்.

தெருவில் பேச்சு கிளம்பாமல் இல்லை. மீட்டர்காரி வீட்டுக்குச் சிங்கம் விரட்டும் நாய் எதற்கு, வீட்டில் என்ன இருக்கிறது காவல் காக்க என்றார்கள். எங்கள் ஊரில் நாய்க்குப் பெயர் வைப்பதே அக்கம்பக்கத்துக்குச் சேதி சொல்லத்தான். அவள் அதற்குப் பசோதினி என்று பெயர் வைத்தாள். இனி என்ன சொல்வார்களோ என்று அர்த்தம். அந்தப் பெயரை அவள் உரக்கக் கூப்பிட்டதும் எதிர்வீட்டுக்காரி ஜன்னலைச் சாத்திக்கொண்டாள்.

இரண்டு வாரத்துக்கு ஒரு ஞாயிறு டுடு வந்துவிடுவாள். வந்ததும் முதலில் நாயைத்தான் பார்ப்பாள். பல்லைப் பார்ப்பாள், காலைத் தடவுவாள், போனில் படம் எடுப்பாள். "அசையாம நிக்கச் சொல்லுடி. பக்கவாட்டுல. தலையைக் கொஞ்சம் தூக்கு." ஒரு முறை தையல் நாடாவைக் கொண்டுவந்து தோள் உயரத்தை அளந்தாள். குளிருக்குச் சட்டை தைக்கப்போவதாகச் சொன்னாள். சட்டை வரவில்லை. சினிகிவே அதைக் கேட்கவும் இல்லை. தன் நாயை இவ்வளவு பிரியமாகப் பார்க்க இன்னொருத்தி இருக்கிறாளே என்று மனம் நிறைந்திருந்தாள்.

ஜூலையில் டுடுவின் அம்மா இறந்துபோனாள். டுடு சொந்த ஊரான கெசிக்குப் போய் ஐந்து வாரம் தங்கிவிட்டாள். அந்த ஐந்து வாரத்துக்குள் பசோதினி மறுபடி படுத்தது. கர்ப்பப்பையில் சீழ் வைத்துவிட்டது, உடனே எடுக்காவிட்டால் போய்விடும் என்றார் மருத்துவர். சினிகிவே தன் தையல் மெஷினை விற்றாள். அறுவை முடிந்து நாய் பிழைத்தது. கறுப்பு உடையோடு டுடு திரும்பி வந்தபோது தையல் ஆறி, வயிற்றில் ரோமமும் முளைத்திருந்தது. தாயைப் புதைத்துவிட்டு வந்தவளிடம் நாய் வைத்தியத்தைப் பற்றி என்ன பேசுவது? அன்று முழுக்க டுடுவின் அம்மாவைப் பற்றித்தான் பேசினார்கள்.

செப்டம்பரில் ஒரு சனிக்கிழமை காலை. சினிகிவே முற்றத்தில் துணி அலசிக்கொண்டிருந்தாள். வாசலில் ஒரு பிக்கப் வண்டி வந்து நின்றது. டுடு இறங்கினாள். தேவாலயத்துக்குப் போடும் தொப்பியைப் போட்டிருந்தாள். கூடவே ஐம்பது வயது மதிக்கத்தக்க ஒருவர், காக்கி அரைக்கால் சட்டையோடு. எசிகோடினியில் பண்ணை வைத்திருக்கும் நியாதி என்று தானே சொல்லிக்கொண்டார். மரியாதையாக வணக்கம் சொல்லிவிட்டு, நேராக நாயிடம் போய்க் குந்தினார். முதுகுக் கோட்டை விரலால் நீவி, அதன் மேல்முனையில் இருந்த இரண்டு சுழிகளைத் தொட்டுப் பார்த்து, திருப்தியாகத் தலையாட்டினார். தோலுக்கடியில் புதைத்த சில்லின் எண்ணைப் படிக்கும் ஒரு சின்னக் கருவியைப் பையிலிருந்து எடுத்துக் கழுத்தருகே வைத்தார். கீச்சென்று சத்தம் வந்தது. டுடு கைப்பையிலிருந்து ஒரு பிளாஸ்டிக் உறையை எடுத்து அவரிடம் நீட்டினாள். அவர் கருவியிலிருந்த எண்ணையும் காகிதத்திலிருந்த எண்ணையும் ஒப்பிட்டார்.

யாரோ தெரிந்தவர், நாயைப் பார்க்க ஆசைப்பட்டு வந்திருக்கிறார் என்றுதான் சினிகிவே அதுவரை நினைத்திருந்தாள். சோப்புக் கையைத் துடைத்துக்கொண்டு கிட்டே வந்தாள். அவள் கேட்டதும் நியாதி காகிதத்தைக் காட்டினார். நாயின் தாய், தகப்பன், அவற்றின் தாய் தகப்பன், எல்லாம் வரிசையாக இருந்தன. கீழே உரிமை மாற்றம் என்று ஒரு கட்டம். அதில் டுடுசிலேயின் முழுப்பெயர். தேதி மார்ச் பதினொன்று. டுடு அவளுக்குப் போன் செய்தது பதினாறாம் தேதி.

எண்களைப் படிப்பதுதான் அவளுடைய பிழைப்பு. இந்த எண்ணை அவள் மூன்று முறை படித்தாள்.

"கொளுத்திட்டாங்கன்னு சொன்னியே" என்றாள்.

டுடு நாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். "உனக்கு வேற நாய் வாங்கித் தரேன்டி. குட்டியா. நல்லதா."

நியாதிக்கு ஏதோ சரியில்லை என்று பட்டிருக்க வேண்டும். உங்கள் வீட்டில் வளர்க்க மட்டும்தான் விட்டிருப்பதாக இவர் சொன்னாரே அம்மா என்றார். அவர் சங்கடத்தோடு நாயை மல்லாத்தி வயிற்றைப் பார்த்தார். கை ஓரிடத்தில் நின்றது. ரோமத்தை ஒதுக்கிப் பார்த்தார்.

"இது என்ன தழும்பு?"

சினிகிவே உள்ளே போய் மருத்துவர் கொடுத்த அட்டையைக் கொண்டுவந்து அவர் கையில் வைத்தாள். அவர் படித்துவிட்டு எழுந்து முழங்காலைத் தட்டிக்கொண்டார். குட்டிகளை நம்பித்தான் இவ்வளவு தூரம் வந்ததாகவும், கர்ப்பப்பை இல்லாத நாயை வைத்துக்கொண்டு என்ன செய்வதென்றும் சொன்னார். குரலை உயர்த்தவில்லை. முன்பணத்தைத் திங்கட்கிழமைக்குள் திருப்பிவிடுமாறு டுடுவிடம் சொல்லிவிட்டு, சினிகிவேயைப் பார்த்து, நாயை நன்றாக வைத்திருக்கிறீர்கள் என்று ஒரு வார்த்தையும் சொல்லிவிட்டு வண்டியில் ஏறினார். டுடுவை ஏற்றிக்கொள்ளவில்லை.

வண்டி தெருமுனை திரும்பியது.

"என்னைக் கெடுத்துட்டியேடி" என்றாள் டுடு. "என்னைக் கேக்காம எப்படி வயித்தைக் கிழிச்ச?"

அவள் கேட்டது சினிகிவேக்கு முதலில் புரியவே இல்லை. தான் ஏமாந்தவள்; கோபித்துக்கொள்கிறவளோ டுடு.

"செத்திருக்கும் டுடு."

"ஒரு போன் பண்ணியிருக்கலாமே."

"உங்கம்மாவ மண்ணுல வெச்ச வாரம் அது."

டுடு தொப்பியைக் கழற்றினாள். தலைகீழாகக் கவிழ்த்திருந்த வாளியின் மேல் உட்கார்ந்தாள். அப்புறம்தான் எல்லாவற்றையும் சொன்னாள். இருபத்திரண்டு வருடம் அந்த வீட்டில் வேலை செய்திருக்கிறாள். அவர்களுடைய இரண்டு பிள்ளைகளையும் முதுகில் கட்டி வளர்த்தவள். கிளம்புவதற்கு முந்தின நாள் எஜமானி அவளை வரவேற்பறையில் உட்காரவைத்து, பணமாகக் கொடுக்கக் கையில் ஒன்றுமில்லை, ஆனால் இந்த நாய் ஒரு காரின் விலை பெறும், குட்டிகளை விற்றே நீ பிழைத்துக்கொள்ளலாம் என்று காகிதத்தில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தாளாம். நான்கு நாளில் காரின் விலை பெறும் நாய் கொட்டகையில் சாகக் கிடந்தது. வைத்தியத்துக்கு டுடுவிடம் வழியில்லை.

"இருபத்திரண்டு வருஷத்துக்கு எனக்குக் கெடச்சது அந்தக் காகிதம்தான். அதுவும் செத்துப்போயிட்டிருந்துச்சு."

சினிகிவே கேட்டுக்கொண்டு நின்றாள். அவள் மனம் இளகாமல் இல்லை. அந்த எஜமானி எதிரில் இருந்தால் மீட்டர்க் கம்பியாலேயே போட்டிருப்பாள்.

"இதை அன்னிக்கே சொல்லியிருந்தா நானே காப்பாத்தி உன் கையில குடுத்திருப்பேனே" என்றாள். "குட்டி போட்டப்ப வந்து உனக்கு ஒத்தாசையும் பண்ணியிருப்பேனே. ஏன் சொல்லல?"

பொய் சொல்லத் தெம்பில்லாதவளைப்போல, டுடு மெதுவாகச் சொன்னாள்.

"குடுத்திருப்ப. எனக்குத் தெரியும். ஆனா அடுத்தவ நாய்னு தெரிஞ்சா லீவெல்லாம் போட்டிருப்பியா? கரண்டியில ஊட்டியிருப்பியா? உன்னுதுன்னு நீ நெனச்சாதான் அது பொழைக்கும்னு எனக்குத் தெரியும் சினி."

சினிகிவே வெளிக்கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு நின்றாள். டுடு எழுந்து தொப்பியைக் கையில் எடுத்துக்கொண்டு வெளியே போனாள். பசோதினி வாலை ஆட்டிக்கொண்டு கொஞ்ச தூரம் அவள் பின்னால் போய்விட்டுத் திரும்பி வந்தது.

தையல் மெஷின் போனதோ, லீவு போனதோ அவளுக்கு உறைக்கவில்லை. தன்னை இவ்வளவு துல்லியமாகத் தெரிந்துவைத்திருக்கிறாளே, அதுதான் உறைத்தது. தன் மனசு எங்கே இளகும், எவ்வளவு தூரம் போகும் என்று டுடுவுக்கு அளந்துவைத்ததுபோலத் தெரிந்திருக்கிறது. பத்தொன்பது வருட டீயில் தெரிந்துகொண்டது. சோளமாவு மூட்டையோடு வந்த அன்று தெரிந்துகொண்டதும் அதில் சேர்த்திதானோ என்ற எண்ணம் வந்தபோது, அவள் துணிகளை அலசாமலேயே கொடியில் போட்டுவிட்டு உள்ளே போய்ப் படுத்துவிட்டாள்.

இருவரும் வழக்கமாகப் போகும் வியாழக்கிழமைப் பெண்கள் ஜெபக் கூட்டத்தில் வெவ்வேறு பெஞ்சில் உட்கார்ந்தார்கள். காரணத்தை இருவருமே யாரிடமும் சொல்லவில்லை. அக்டோபர் கடைசியில், கபொரோனில் ஒரு வீட்டில் வேலை கிடைத்து டுடு போய்விட்டாள் என்று கூட்டத்தின் செயலாளர் சொன்னார். சொல்லிவிட்டு ஒரு உறையையும் கொடுத்தார். உள்ளே அந்தக் காகிதம் இருந்தது. உரிமை மாற்றத்தில் அடுத்த கட்டத்தில் டுடு கையெழுத்துப் போட்டு, புது உரிமையாளரின் கையெழுத்துக்கு இடம் விட்டிருந்தாள். கடிதம் எதுவும் இல்லை.

சினிகிவே இன்னும் கையெழுத்துப் போடவில்லை. போட்டால், நாயை டுடு கொடுத்து இவள் வாங்கிக்கொண்டதாக ஆகிவிடும். கிழித்துப்போடவும் கை வரவில்லை. பசோதினிக்கு எந்தக் காகிதமும் தேவைப்படவில்லை. அது தின்று, தெருப் பூனைகளை விரட்டி, வெயிலில் காலை நீட்டிப் படுத்திருக்கிறது. அதைத் தடவும்போது மட்டும் சினிகிவேக்குச் சில நாள் கை கூசும். இந்தப் பிரியம் தானாக வந்ததா, டுடு கணக்குப் போட்டு வரவழைத்ததா என்று யோசிக்கத் தொடங்கிவிடுவாள்.

போன வாரம் ஹில்சைடில் ஒரு வீட்டுக் கிளி அச்சு அசலாக நாய்போலக் குரைத்து அவளை வாசலிலேயே கால் மணி நேரம் நிறுத்திவைத்தது. உள்ளே நாயே இல்லை. விஷயம் தெரிந்து நடுத்தெருவில் நின்று தனியாகச் சிரித்தாள். இதை டுடுவிடம் சொன்னால் விழுந்து விழுந்து சிரிப்பாள் என்று நினைத்துக்கொண்டே பாதித் தெரு நடந்துவிட்டாள். பிறகு நினைவு வந்தது. புத்தகத்தைத் திறந்து அடுத்த வீட்டு எண்ணைத் தேடினாள்.