தையல்காரியின் வலது கை

தையல்காரியை அடக்கம் செய்த அன்று மாலையே அவளுடைய வலது கை வீடு திரும்பி, கதவருகில் அம்மாவுக்காகக் காத்திருந்த மகளின் எதிரே, தாயின் கன்னம் இருக்கவேண்டிய உயரத்தில் அந்தரத்தில் நின்றது. மணிக்கட்டுக்கு மேலே ஒன்றுமில்லை. ஆள்காட்டி விரலில் ஊசி குத்திய தழும்புகள் அப்படியே இருந்தன. மழை வரும்போலிருந்ததால், துக்கத்துக்கு வந்தவர்கள் அதை அதிகம் கவனிக்காமல் கிளம்பிப் போனார்கள்.

மகளுக்கு ஏழு வயது. பிறவியிலேயே காது கேட்காது. உதட்டை மட்டும் பார்த்தால் பாதிச் சத்தங்கள் ஒன்றுபோலவே தெரியும் என்று சொல்லி, ஒவ்வொரு சத்தத்துக்கும் விரல்களை ஒரு விதமாக மடக்கிக் கன்னத்திலோ தாடையிலோ தொண்டையிலோ வைத்துப் பேசும் முறையைப் பள்ளி டீச்சர் தாய்க்குக் கற்றுக்கொடுத்திருந்தாள். உதடு பாதி, கை பாதி. இரண்டும் சேர்ந்தால்தான் பேச்சு. இரண்டே வருடத்தில் மகள் கதை கேட்டாள், எதிர்க்கேள்வி போட்டாள், அம்மாவிடம் வாயாடவும் தொடங்கினாள். பஸ் கண்டக்டரான அப்பா மட்டும் கற்றுக்கொள்ளவில்லை. "நாள் பூரா டிக்கெட் கிழிச்ச கைடி இது. வீட்லயாவது சும்மா கிடக்கட்டும்" என்பார்.

வாயில்லாத கையால் எதுவும் சொல்ல முடியவில்லை. மகள் மூன்று நாள் சாப்பிடாமல் அதன் முன்னாலேயே உட்கார்ந்திருந்தாள். நாலாம் நாள் கண்டக்டரின் அக்காவுக்குப் பொறுக்கவில்லை.

"கையை அவ கொடுத்துட்டா. வாயை நீதான்டா கொடுக்கணும். போய் உக்காரு."

அவர் கைக்குப் பக்கத்தில் முகத்தை வைத்து, அம்மா ஊருக்குப் போயிருக்கிறாள் என்றார். கை அசையவில்லை. ஆஸ்பத்திரியில் இருக்கிறாள் என்றார், அதற்கும் அசையவில்லை. மகள் அவர் தாடையைப் பிடித்து வெளிச்சத்துப் பக்கம் திருப்பினாள்.

"அம்மா செத்துப்போயிட்டா கண்ணு. இனிமே வரமாட்டா."

கை அசைந்தது. ஒவ்வொரு சத்தத்துக்கும் விரல்களை மடக்கி, அவர் முகத்தைத் தொட்டுத் தொட்டுக் காட்டியது. ஐஸ் மாதிரி சில்லிட்டிருந்தது. மகள் கடைசிவரை பார்த்துவிட்டு, தன் உடைந்த குரலில், "அப்போ எனக்கு யாரு பேசுவா?" என்று கேட்டாள்.

"நான்தான்" என்றார். கை அதையும் காட்டியது.

பன்னிரண்டு வருடம் அது அந்த வீட்டில் இருந்தது. அங்கே பொய் சொல்ல வழியில்லாமல் போயிற்று. தனக்கு என்றைக்காவது காது கேட்குமா என்று மகள் கேட்ட அன்றும் உள்ளதைத்தான் சொல்லவேண்டி வந்தது. காலையில் அவர் ஷேவ் செய்து முடிக்கும்வரை கை ஓரமாகக் காத்திருக்கும். குளிர் நாட்களில் மகள் அதற்கு ஒரு கம்பளி உறை மாட்டிவிடுவாள்.